சாக்கு ஏன் மண்ணெண்ணெய் வாசம் அடிக்கிறது?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: நெல் கொள்முதல் நிலையத்தில் புதுச் சாக்குக் கட்டைப் பிரித்ததும் மண்ணெண்ணெய் வாசம் குப்பென்று மூக்கில் ஏறுகிறதே, ஏன்? பூச்சி பிடிக்காமல் இருக்க ஆலையிலேயே மண்ணெண்ணெய் தெளித்து அனுப்புகிறார்கள் என்று மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர் சொன்னாராம். அது உண்மையானால், அந்தச் சாக்கில் வீட்டு உளுந்தைக் கட்டிவைக்கலாமா?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எங்கள் வீட்டுக் குதிருக்குப் பக்கத்தில் அடுக்கிவைத்த சாக்குகளின் மேல் படுத்துக் கதைப் புத்தகம் படித்து வளர்ந்தவன் நான். அந்த வாசம் இன்றைக்கும் எனக்குக் கோடை விடுமுறையின் வாசம். பதிலைச் சுருக்கமாக இப்போதே சொல்லிவிடுகிறேன். யாரும் எதையும் தெளிப்பதில்லை. எண்ணெய் இருப்பது உண்மை. ஆனால் அது சாக்கு சாக்காவதற்கு முன்பே, நூல் நூலாவதற்கும் முன்பே, நாருக்குள் புகுந்துவிட்டது. ஏன் புகுந்தது என்று பார்க்க வேண்டுமானால் மேற்கு வங்கத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையில் இருக்கும் ரிஷ்ரா என்ற ஊருக்குப் போக வேண்டும்.

ஹவுராவில் பர்த்வான் பாதையில் லோக்கல் ரயில் ஏறினால் அரை மணி நேரம். பாலி, உத்தர்பாரா, ஹிந்த் மோட்டார், கொன்னகர், அடுத்தது ரிஷ்ரா. ஹிந்த் மோட்டார் என்பது அம்பாசடர் கார் பிறந்த இடம். கார் ஆலையின் பெயரே ரயில் நிலையத்தின் பெயராகிவிட்டது. 2014இல் ஆலை மூடிவிட்டது, நிலையத்தில் ரயில் நிற்கிறது. ரிஷ்ராவில் இறங்கிக் கிழக்கே நடந்தால் ஜி.டி. ரோடு குறுக்கே வரும். அதைத் தாண்டினால் ஆலைகளின் நீளமான செங்கல் சுவர்கள். சுவர்களுக்கு இடையே ஒரு சந்து, சந்தின் முடிவில் படித்துறை, படித்துறையின் கீழே பழுப்பு நிறத்தில் ஆறு.

அந்தச் சந்தில் நடக்கும்போது தரை ஆற்றை நோக்கிச் சரியும் என்றுதான் எதிர்பார்ப்போம். ரிஷ்ராவில் நிலத்தின் பெரிய சரிவு அதற்கு நேர் எதிர்ப்பக்கம். ஆற்றங்கரை உயரம், ஆற்றை விட்டு விலகி மேற்கே போகப் போகத் தாழ்வு. வெள்ளம் கரையைத் தாண்டி வழியும்போது தண்ணீரின் வேகம் சட்டென்று குறைந்துவிடுகிறது. சுமந்துவந்த பருமணலை அங்கேயே, கரையிலேயே போட்டுவிடுகிறது. நுண்ணிய களி மட்டும் தூரம் போய்ப் பள்ளங்களில் தங்குகிறது. ஆண்டுக்கு ஒரு பூச்சு என்று பல நூறு ஆண்டுகள் பூசினால், ஆறு தனக்குத் தானே கட்டிக்கொண்ட மேட்டு வரப்பு ஒன்று இரு கரையிலும் எழும்பும். ஹூக்ளிக் கரையின் ஊர்களெல்லாம் அந்த வரப்பின் மேல் கோத்த மணிகள். கட்டடம் கட்ட உலர்ந்த மேடு வரப்பில்தான் கிடைக்கும். போர்த்துகீசியர் ஆற்றின் பெயரையே கொண்ட ஹூக்ளி என்ற ஊரிலும், டச்சுக்காரர் சின்சுராவிலும், பிரெஞ்சுக்காரர் சந்தன்நகரிலும், டேனிஷ்காரர் ரிஷ்ராவை அடுத்த ஸ்ரீராம்பூரிலும் கடை விரித்தது இந்த மேற்குக் கரை வரப்பில்தான். ஆற்றில் ஒரு நாளைக்கு இரண்டு முறை கடலின் ஏற்றம் ஏறி வரும். ஏற்றத்தோடு படகை மேலே விட்டு, வற்றத்தோடு கீழே விடலாம். நிலக்கரி செலவில்லாத இயந்திரம்.

1855இல் இங்கே ஜார்ஜ் ஆக்லண்ட் என்பவர் இந்தியாவின் முதல் சணல் நூற்பு ஆலையை நிறுவினார். ஆள் இலங்கையில் காப்பித் தோட்டத்தில் கைவைத்துப் பார்த்துவிட்டு வங்காளத்துக்கு வந்தவர். பணத்துக்குக் கைகொடுத்தவர் பிஸ்வம்பர் சென் என்ற வங்காளி. இயந்திரங்கள் ஸ்காட்லாந்தின் டண்டி நகரத்திலிருந்து கப்பலில் வந்தன. காலம் கனிந்திருந்தது: கிரிமியாப் போரால் ரஷ்யாவிலிருந்து பிரிட்டனுக்குப் போய்க்கொண்டிருந்த ஆளி நாரும் கஞ்சா நாரும் தடைபட்டிருந்தன, சணலுக்குக் கிராக்கி. ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்கு முதல் ரயில் அதற்கு முந்தைய ஆண்டுதான், 1854 ஆகஸ்ட் 15 அன்று, ஓடியிருந்தது. அக்கரையில் பராநகரில் 1859இல் விசைத்தறி வந்தது. அதன்பின் இரு கரையிலும் புகைபோக்கிகள் வரிசையாக முளைத்தன. முதலாம் உலகப் போரின் பதுங்குகுழிகளுக்கு மணல் மூட்டை அனுப்பியதும் இந்தக் கரைதான். வரலாற்றை இந்த வேகத்தில் ஓட்டுவதற்கு மன்னிக்கவும். என் மனம் வேறொரு இடத்தில் இருக்கிறது. ஒரு குட்டையில்.

ரிஷ்ராவில் சணல் ஆலை உண்டு, சணல் வயல் கிடையாது. செடி வளர்வது நதியா, முர்ஷிதாபாத், வடக்கு 24 பர்கானா, வடக்கே கூச் பிஹார், எல்லை தாண்டி வங்கதேசம். மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையே விதைத்தால் நான்கு மாதத்தில் இரண்டு ஆள் உயரத்துக்குக் கிளையில்லாமல் நெடுநெடுவென்று போகும். வெண்டை, பருத்தி, செம்பருத்தி, புளிச்சக்கீரை எல்லாம் இதற்குப் பங்காளிகள். ஆந்திரத்தின் வடகோடியில் புளிச்சக்கீரை இனத்துச் செடியிலிருந்தே நார் எடுத்துச் சணல் ஆலைக்கு அனுப்புவார்கள். வங்காளிகள் சணலின் இளந்தழையைக் கீரையாகச் சமைக்கிறார்கள். சமைத்தால் வெண்டைக்காய் போலவே வழவழக்கும். அந்த வழவழப்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; அதன் சொந்தக்காரர் ஒருவர்தான் இந்தக் கதையின் வில்லன்.

சணல் தண்டைக் குறுக்கே வெட்டினால் நடுவில் வெளிறிய மரக்குச்சி, வெளியே பட்டை. நார் இருப்பது பட்டையில். ஒரு நார் என்று நாம் பிடித்து இழுப்பது ஒற்றை இழை கிடையாது. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமே உள்ள செல்கள், ஒன்றின் வால் மற்றொன்றின் தலையைத் தழுவியபடி, லிக்னின் என்ற மரப்பசையால் ஒட்டப்பட்டுத் தண்டின் நீளத்துக்கு ஓடும் கற்றை அது. பருத்தி இழை கிட்டத்தட்ட முழுக்கச் செல்லுலோஸ். சணலில் செல்லுலோஸ் 60 சதவீதம் அளவுக்குத்தான். அதனோடு அரைச்செல்லுலோஸ் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், லிக்னின் 12 முதல் 15 சதவீதம். பாதி பஞ்சு, பாதி மரம் என்று சொல்லலாம். இந்தக் கற்றைகளைச் சுற்றியுள்ள மெல்லிய திசுவோடும் உள்ளே இருக்கும் குச்சியோடும் சேர்த்துக் கட்டிவைத்திருப்பது பெக்டின்.

கொய்யாப்பழத்தைச் சர்க்கரையோடு காய்ச்சினால் ஜெல்லியாக உறைகிறதே, அது பெக்டின் வேலை. வெண்டைக்காயின் வழவழப்பும் பெக்டின் குடும்பம்தான். வேதியியலில் அது நீண்ட அமிலச் சங்கிலி. சங்கிலி நெடுக எதிர்மின் புள்ளிகள். பக்கத்துச் சங்கிலிக்கும் எதிர்மின் புள்ளிகள் இருப்பதால் இரண்டும் விலக வேண்டும். ஆனால் இடையில் கால்சியம் அயனி வந்து உட்கார்ந்துகொள்கிறது. இரண்டு நேர்மின் கை உள்ள கால்சியம் இந்தச் சங்கிலியை ஒரு கையாலும் அந்தச் சங்கிலியை மறு கையாலும் பிடித்துக்கொள்கிறது. அட்டைத் தட்டில் முட்டை அடுக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்தால் முட்டைகள் நடுவில் சிக்கி இரண்டு தட்டும் நகராது. தட்டுதான் பெக்டின், முட்டைதான் கால்சியம். இந்த ஒட்டை வெறும் தண்ணீர் கரைக்காது. கையால் பட்டையை உரித்தால் நாரோடு குப்பையும் சேர்ந்து வரும். யாராவது இந்தத் தட்டுகளை மட்டும் பிய்த்துப் போட வேண்டும், நாரைத் தொடாமல்.

அந்த யாரோ, குளத்து நீரில் காத்திருக்கும் பாக்டீரியா.

அறுத்த செடிகளைக் கட்டுகளாகக் கட்டி இரண்டு மூன்று நாள் வயலிலேயே விடுவார்கள், இலை உதிரும். பிறகு கட்டுகளின் அடிப்பாகம் மட்டும் இரண்டு மூன்று நாள் தண்ணீரில் நிற்கும். தண்டின் அடி தடிமன், ஊற நேரமாகும் என்பதால் அதற்கு முன்கூட்டிய சலுகை. அதன்பின் கட்டுகளைப் படுக்கவைத்து, ஒன்றின் மேல் ஒன்றாகத் தெப்பம் போல அடுக்கி, ஆகாயத்தாமரையால் மூடி, மேலே பாரம் ஏற்றி அமுக்குவார்கள். வங்காளியில் இந்த அடுக்குக்கு ‘ஜாக்’ என்று பெயர். நம் ஊரில் ஊறல் என்றால் போலீஸ்காரர் உடைக்கிற சாராயப் பானை நினைவுக்கு வரும். தென்னை மட்டையைக் காயலில் ஊறப்போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மட்டைக்கு மாதக்கணக்கு, சணலுக்கு இரண்டு முதல் மூன்று வாரம்.

முதல் ஓரிரு நாளில் தண்ணீர் தண்டுக்குள் புகுந்து உப்பவைக்கிறது. தோல் வெடிக்கிறது. உள்ளேயிருந்த சர்க்கரையும் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் வெளியே கசிகின்றன. சர்க்கரைக்கு முதல் பந்தி: காற்றைச் சுவாசிக்கும் பாசில்லஸ் வகை பாக்டீரியாக்கள் தின்று பெருகுகின்றன. பெருகப் பெருகத் தண்ணீரில் கரைந்திருந்த ஆக்சிஜனைக் குடித்துத் தீர்த்துவிடுகின்றன. ஆக்சிஜன் தீர்ந்ததும் இரண்டாம் பந்தி: காற்றே வேண்டாத கிளாஸ்டிரிடியம் வகைகள். இப்போது குட்டையில் குமிழி வரத் தொடங்கும், அழுகிய வெண்ணெயும் முட்டையும் கலந்த நாற்றம் வரும். வங்காளத்தில் ஆவணி மாதம் ரயிலில் போனால் ஜன்னலை மூடினாலும் அது உள்ளே வரும். எனக்கு அது வேலை நடக்கிறது என்ற அறிவிப்பாகவே தோன்றும். உடன் வந்தவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

இரண்டு பந்திக்காரர்களும் பெக்டினை அப்படியே விழுங்க முடியாது, மூலக்கூறு அவ்வளவு பெரிது. ஆகவே நொதிகளை வெளியே துப்புகிறார்கள். சில நொதிகள் சங்கிலியின் கண்ணிகளுக்கு இடையே ஒரு தண்ணீர் மூலக்கூறைச் செருகி வெட்டுகின்றன. சில, தண்ணீர் இல்லாமலே உடைக்கின்றன. அவற்றில் ஒரு வகைக்கு வெட்டுவதற்கே கால்சியம் வேண்டும். தட்டுகளை இறுக்கிப் பிடித்த அதே கால்சியம் இங்கே கத்தரிக்கோலின் ஆணியாகிறது. வாழைக்காய் பழுத்துக் குழைவதும் இதே இனத்துக் கத்தரிகளால்தான். பழம் தன் பெக்டினைத் தானே வெட்டிக்கொள்கிறது. சணலுக்கு வெளியாள் வர வேண்டும்.

நான் மயங்கி நிற்கிற இடம் அடுத்து வருவது. அந்தக் குட்டையில் இருப்பவர்களில் செல்லுலோஸைத் தின்னத் தெரிந்தவர்களும் உண்டு. செல்லுலோஸும் சர்க்கரைச் சங்கிலிதான், தின்றால் லாபம்தான். பிறகு ஏன் நார் மிஞ்சுகிறது? பெக்டின் சங்கிலிகள் தண்ணீரில் ஊறித் தளர்ந்து கிடக்கும் கயிற்றுக் குவியல். கத்தரி எங்கேயும் நுழையலாம். செல்லுலோஸ் சங்கிலிகளோ பக்கத்துப் பக்கத்தில் நெருக்கமாக அடுக்கிப் படிகமாக இறுகியவை, போதாததற்கு லிக்னின் பூச்சு வேறு. நொதிக்கு விரல் வைக்க இடம் கிடைப்பதில்லை. ஒன்று வாரக்கணக்கில் முடியும், மற்றொன்றைத் தின்று தீர்க்க மாதங்கள். சணல் தொழில் முழுக்க இந்த இடைவெளிக்குள் நடக்கிறது. அழுகல் தொடங்கியாக வேண்டும், பாதியில் நின்றாக வேண்டும். சீக்கிரம் எடுத்தால் பட்டை ஒட்டிக்கொண்டு நார் முரடாகும். நான்கு நாள் தாமதித்தால் பாக்டீரியா நாரிலேயே கைவைத்துவிடும், இழுத்தால் அறும்.

இதற்குக் கருவி எதுவும் இல்லை. பத்தாம் நாளிலிருந்து விவசாயி தினமும் ஒரு தண்டை உருவி எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து அழுத்தித் தள்ளிப் பார்ப்பார். பட்டை குச்சியை விட்டு வழுக்கிக்கொண்டு வந்தால் அன்றைக்கே அத்தனை பேரும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிவிட வேண்டும். அடியை மரச்சுத்தியால் தட்டி, தண்டை ஒடித்து, நாரைப் பிடித்துத் தண்ணீரில் முன்னும் பின்னும் அலசிச் சுண்டினால் குச்சி நழுவிப் போகும். கையில் மிஞ்சுவது ஈரத்தில் மின்னும் பொன்னிற ஜடை. வங்காளிகள் அதைப் பொன் நார் என்கிறார்கள். சாக்கின் அழுக்குப் பழுப்பை மட்டுமே பார்த்த கண்ணுக்கு அந்த நிறம் நம்ப முடியாததாக இருக்கும்.

பாரமாக எதை வைக்கிறோம் என்பதிலும் ஒரு வேதியியல் ஒளிந்திருக்கிறது. கல்லோ சிமென்ட் பலகையோ வைத்தால் நார் பொன்னாக வரும். கிடைத்த சேற்றையும் வாழைத் தண்டையும் வைத்து அமுக்கினால் நார் கறுத்துவிடும். சந்தையில் விலை சரியும். சேற்றில் இரும்பு இருக்கிறது, செடியிலிருந்து டானின் கசிகிறது. இரண்டும் சேர்ந்தால் மை. கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சினார்களே, கலம்காரித் துணியில் கறுப்புக்கோடு போடுகிறார்களே, அதே வினை. சேறு போட்ட விவசாயி தெரியாமல் தன் நாரின் மேல் மையைக் கொட்டிக்கொள்கிறார்.

மழை குறைந்த ஆண்டில் இதெல்லாம் கெடும். செடியை அறுக்கும் ஜூலை, ஆகஸ்டில் குட்டை நிரம்பியிருக்க வேண்டும் என்பதுதான் வங்காளத்தின் புவியியல் தந்த வரம். அது தவறினால் சாலையோரப் பள்ளத்துச் சேற்றுநீரில் ஊறவைப்பார்கள். வங்கதேசத்தில், பட்டையை முதலில் உரித்து அதை மட்டும் கொஞ்சம் தண்ணீரில் ஊறவைக்கும் முறையைப் பரப்பப் பார்த்தார்கள். பச்சைத் தண்டில் உரிப்பது ஆள்கூலி பிடிக்கும் வேலை, அதோடு குச்சியும் ஒடியும். அந்தக் குச்சிதான் அங்கே வேலி, வெற்றிலைக் கொடிக்காலுக்குப் பந்தல், அடுப்புக்கு விறகு. தண்ணீரை மட்டும் கணக்குப் போட்டவர்கள் அடுப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ரிஷ்ராவுக்கு வடக்கே ஸ்ரீராம்பூரில் படகு ஏறினால் அக்கரையில் பாரக்பூர். அங்கே மத்திய சணல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1938இல் டாக்காவில் தொடங்கிய ஆய்வுக்கூடம் அது. பிரிவினையில் ஆலைகள் முழுக்க இந்தியாவிலும் சணல் நிலத்தில் பெரும்பகுதி கிழக்குப் பாகிஸ்தானிலும் மாட்டிக்கொண்டபோது ஆய்வுக்கூடமும் கரை மாற வேண்டியிருந்தது. 1953இல் பாரக்பூருக்கு வந்தது. அவர்கள் ஒரு பொடி செய்திருக்கிறார்கள். பெக்டினையும், அரைச்செல்லுலோஸ் வகையான சைலனையும் நன்றாக வெட்டும், செல்லுலோஸைத் தொடாத பாசில்லஸ் புமிலஸ் ரகங்களைத் தேடிப் பிடித்து, முகப்பவுடர் செய்கிற அதே டால்க்கில் கலந்து, நிறுவனத்தின் ஆங்கிலச் சுருக்கப் பெயரைச் சேர்த்து ‘கிரிஜாஃப் சோனா’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். ஜாக் அடுக்கும்போது தூவினால் ஊறல் சுமார் ஒரு வாரம் குறைகிறது, நாரும் வெளுப்பாக வருகிறது. குட்டையில் யார் முதலில் பந்திக்கு உட்காருவது என்பதை நாமே முடிவு செய்துவிடுகிறோம், அவ்வளவுதான் தந்திரம்.

இங்கே என் மூக்கை நுழைத்துக்கொள்கிறேன். ராக்கெட் ஏறினால் தேசமே தொலைக்காட்சி முன் உட்காருகிறது. எனக்கும் ராக்கெட் பிடிக்கும். இடுப்பளவு நாற்றநீரில் ஒரு மனிதன் நிற்க வேண்டிய நாள்களைக் குறைக்கும் டால்க் பொடிக்கு ஒரு பெட்டிச் செய்திகூடக் கிடைப்பதில்லை. அறிவியலுக்கு நிதி ஒதுக்குவதைப் பற்றிப் பேசும்போது ‘உலகத்தரம்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு மிரட்டுகிறார்கள். நதியாவின் குட்டையை உலகத்தில் வேறு யார் வந்து ஆராய்வார்கள்? அது நம் குட்டை, நம் செலவு.

இனி வாசம். கட்டாகக் கட்டிய நார் ரிஷ்ராவுக்கு வந்து சேர்கிறது. லிக்னின் இருப்பதால் அது விறைப்பு. இரும்பு முள் பதித்த உருளைகளில் சீவினால் ஒடிந்து தூளாகும். டண்டிக்காரர்கள் 1830களில் இதே இடத்தில் முட்டி நின்றார்கள். நூல் வரவில்லை. அவர்கள் துறைமுகத்தில் திமிங்கல வேட்டைக் கப்பல்கள் இருந்தன, எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. திமிங்கல எண்ணெயும் தண்ணீரும் கலந்து நாரில் தெளித்துப் பார்த்தார்கள். வழிக்கு வந்தது. 1838இல் டச்சு அரசு தன் ஜாவாக் காப்பிக்குச் சணல் பையே போதும் என்று ஒப்புக்கொண்டது, டண்டி எழுந்தது. தண்ணீரின் வேலை நாரின் அரைச்செல்லுலோஸுக்குள் புகுந்து அதை இளக்குவது. ஆனால் தண்ணீர் காய்ந்துவிடும். எண்ணெய் மேற்பரப்பில் தங்கி, நாரும் இரும்பும் உரசும் இடத்தில் வழுக்கிவிடும். தலைக்கு எண்ணெய் வைத்துச் சிக்கெடுக்கும் எந்தப் பாட்டிக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

ரிஷ்ராவில் திமிங்கலம் இல்லை. பின்னாளில் பெட்ரோலிய எண்ணெய் மலிவாக வந்ததும் அது திமிங்கலத்தின் இடத்தைப் பிடித்தது. சணலுக்கென்றே பிரிக்கப்படும் எண்ணெய் அது, மண்ணெண்ணெயைவிடக் கனமான உறவுக்காரன். இதே ஹூக்ளியின் முகத்துவாரத்தில் உள்ள ஹால்தியாவின் சுத்திகரிப்பு ஆலையில் அது தயாராகிறது. தண்ணீரோடு கலக்காது என்பதால் கொஞ்சம் சோப்புத்தன்மையுள்ள பொருள் சேர்த்து, பால் போலக் கலக்கி, நெளிவரி உருளைகளுக்கு இடையே நார் நசுங்கிப் போகும்போது அதன் மேல் சொட்டவிடுகிறார்கள். பிறகு குவியலாகப் போட்டு ஓரிரு நாள், முரட்டு அடிநாரானால் இன்னும் சில நாள், மூடிவைக்கிறார்கள். குவியலுக்குள் கைவிட்டால் சூடு தெரியும். குட்டையிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தவர்களும் புதிதாகச் சேர்ந்தவர்களும் மிச்சமிருக்கும் பெக்டினை அங்கேயும் தின்றுகொண்டிருக்கிறார்கள். ஆலைக்குள் நடக்கும் இரண்டாவது ஊறல். நீராவி இயந்திரமும் விசைத்தறியும் தொழிற்புரட்சி என்று பள்ளியில் படித்தோம். அவை ஓடுவதற்கு முன்பே கடினமான வேலையை இவர்கள் முடித்துவிட்டிருக்கிறார்கள்.

ஆகவே வாசகிக்கு வாசம் வந்த வழி இது. பூச்சி மருந்துக் கதையை எங்கேயோ யாரோ மூக்கை நம்பிச் சொல்ல, எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். அரிசிவண்டு அந்த வாசத்துக்கு அஞ்சுவதாக இருந்தால் கிடங்குகளில் மருந்துப்புகை போட வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

ரிஷ்ராவைப் பற்றி இன்னொன்று சொல்லாமல் போக மனமில்லை. இந்தியாவில் முதன்முதலாகப் பாலித்தீன் தயாரானதும் இந்த ஊரில்தான். 1959இல், ஐ.சி.ஐ. என்ற பிரிட்டிஷ் வேதிப்பொருள் குழுமத்தின் ஆல்கலி அண்ட் கெமிக்கல் கார்ப்பரேஷன் ஆலையில். சாராயத்திலிருந்து தண்ணீரைப் பிரித்து எத்திலீன் வாயுவாக்கி, அதை ஆயிரம் வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் நெருக்கிச் சங்கிலியாகக் கோத்தார்கள். நொதித்துக் கிடைக்கிற சாராயத்தில் தொடங்கி, எந்த நொதியும் எளிதில் தொடாத பொருளில் முடிகிறது. பெக்டினிலும் செல்லுலோஸிலும் கண்ணிக்குக் கண்ணி ஓர் ஆக்சிஜன் பாலம் இருக்கிறது, தண்ணீரைச் செருகி உடைக்க வாகான இடம். பாலித்தீனில் கார்பனுக்கு அடுத்துக் கார்பன், அதற்கடுத்தும் கார்பன். கத்தரி வைக்கப் பிடி இல்லை. அதன் தம்பியான பாலிபுரொப்பிலீனில் நெய்த வெள்ளைச் சாக்குதான் பிறகு சிமென்டையும் உரத்தையும் சணலிடமிருந்து பறித்தது. 1987இல் சணல் பொதிபொருள் சட்டம் வந்து, உணவு தானியத்தையும் சர்க்கரையில் ஒரு பகுதியையும் சணலில் கட்ட வேண்டும் என்று ஆனதால்தான் ஹூக்ளிக் கரையில் இன்னும் புகைபோக்கிகள் சில உயிரோடு நிற்கின்றன. கொள்முதல் நிலையத்தில் ‘சாக்கு வரவில்லை’ என்று நெல்லோடு விவசாயி காத்திருக்கும்போது, அந்தக் காத்திருப்பின் மறுமுனை இந்தச் சுவர்களுக்குள் எங்கேயோ இருக்கிறது. வேடிக்கை இன்னும் முடியவில்லை: ரஷ்யாவின் ஆளி நார் வராததால் சணலில் பிழைத்த ஊர், இன்று பிரான்ஸ், பெல்ஜியத்திலிருந்து ஆளி நாரை வரவழைத்து லினன் நூல் நூற்கிறது. அந்த ஆளியும் ஊறல் பார்த்துத்தான் வருகிறது. குளத்தில் இல்லை, வயலில் பரப்பிப் பனியில்.

உளுந்துக்கு வருகிறேன். நெல்லுக்குக் கவலையில்லை, உமி இருக்கிறது, அதைக் கழித்துத்தான் சாப்பிடுகிறோம். உளுந்து, காப்பிக்கொட்டை, முந்திரி போன்றவற்றில் எண்ணெயின் ஆவி நேரே ஏறும். ஐரோப்பாவில் கொக்கோவிலும் காப்பியிலும் இந்தப் பெட்ரோலிய எண்ணெய் ஏறியிருப்பதைக் கண்டு கூச்சல் எழுந்தது. 1998இல் உணவுச் சாக்குக்குச் சர்வதேச அளவுகோல் வந்தது: சோப்பாக மாறாத எண்ணெய்ப்பொருள் கிலோவுக்கு 1,250 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும். தேங்காய் எண்ணெயில் காரம் சேர்த்தால் சோப்பாகும், பெட்ரோலிய எண்ணெய் என்ன செய்தாலும் ஆகாது. அந்தப் பள்ளிக்கூடப் பாடமே இங்கே துப்பறியும் வேலை செய்கிறது. இப்போது ஏற்றுமதிச் சாக்குக்குத் தவிட்டு எண்ணெய் போட்டு நாரை இளக்குகிறார்கள். திமிங்கலத்திலிருந்து பெட்ரோலியத்துக்குப் போய், நெல்லுக்குச் சாக்காகிற நார் நெல்லின் தவிட்டிலேயே ஊறும் இடத்துக்கு வந்திருக்கிறது.

உங்கள் சாக்கைப் பிரித்து நான்கைந்து நாள் நல்ல வெயிலில் இருபுறமும் திருப்பிப் போடுங்கள். வாசம் வெகுவாக அடங்கும், முழுக்கப் போகாது. உளுந்தை வெள்ளைத் துணிப் பையில் கட்டி, அந்தப் பையைச் சாக்குக்குள் இறக்குங்கள். விதைநெல்லைத் தயங்காமல் சாக்கிலேயே வைக்கலாம். காற்று ஈரமானால் தானும் கொஞ்சம் ஈரத்தை வாங்கி, வெயில் வந்தால் விட்டுவிடும் நார் அது. வெள்ளைச் சாக்குக்கு அந்தக் குணம் கிடையாது.

போன மாதம் நண்பர் வீட்டில் தவிட்டு எண்ணெய் போட்ட காப்பிக்கொட்டைச் சாக்கு ஒன்று கிடைத்தது. காலி சாக்கு. வழக்கப்படி முகத்தை உள்ளே விட்டு மோந்து பார்த்தேன். மண்ணெண்ணெய் இல்லை. காப்பியும் போய்விட்டிருந்தது. அடியில், மிக லேசாக, நனைந்த வைக்கோல் போல ஏதோ ஒன்று. இன்னொரு முறை இழுத்துப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது: ஆவணி மாதத்து ரயில் ஜன்னல்.